தொலைவில் கற்போருக்கு அறிவிப்பு எழுதும் முறை

அறிவிப்பு என்பது கிராமத்திற்குப் புதிய விஷயமன்று. வரி வசூல், ஏரி மதகு திறப்பு, அம்மை குத்தும் நாள், திருவிழாக் கூட்டம் ஆகிய யாவற்றையும் நம் முன்னோர் தண்டோரா வாயிலாகவே அறிந்து வந்தனர். அம்முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பறையொலி. அடுத்து, அறிவிப்பது யார் என்பது. பிறகு நாள், நேரம், இடம். இறுதியில் ஊரார் செய்ய வேண்டியது. தெருமுனைதோறும் அதே சொற்கள் மாறாமல் மீண்டும் கூறப்பட்டன. ஒரு முனையில் சரியாகக் காதில் விழாதவருக்கு அடுத்த முனையில் விழுந்தது. ஒரு சாராரின் மதிப்பைக் குறைக்கும் வழக்கமாகவும் அது இருந்தபடியால், தண்டோராவை இனித் தொடர வேண்டியதில்லையென்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்கு எழுதினார். அது நல்ல முடிவே. பறை நின்றது முறையே. ஆனால் அந்த வாசகத்திலிருந்த ஒழுங்கும் அதனுடன் போய்விட்டதோ என்று ஐயுறும் வகையில் இன்று நம் கைப்பேசிகளில் அறிவிப்புகள் வந்து குவிகின்றன.

அவற்றுள் ஒரு வகையைப் பற்றி மட்டும் இங்கே ஆராய்வோம். வீட்டிலிருந்தபடியே, ஆசிரியரை நேரில் காணாமல், இணைய வழியில் பாடம் கற்போருக்கு அனுப்பப்படும் அறிவிப்புகள் அவை. இது பல்கலைக் கழகங்களின் வேலையாயிற்றே, பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் இதில் என்ன பொறுப்பு என்று வாசகர்கள் கேட்கலாம். செஞ்சி வட்டாரத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

செஞ்சியைச் சுற்றிக் கற்போர்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, உலகப் பாரம்பரியச் சின்னமென ஏற்றது. அப்பன்னிரண்டில் தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றே. வெளிநாட்டவர் வருகை பெருகுமாயின் அவர்களுக்கு வழிகாட்ட மொழியும் வரலாறும் அறிந்த இளைஞர்கள் வேண்டும். அத்தகைய பயிற்சிகளும் இணைய வழியில் நடைபெறத் தொடங்கிவிட்டன. வேளாண்மையை எடுத்துக்கொண்டால், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் தொலைதூரக் கல்வி முறையில் விவசாயிகளுக்குச் சான்றிதழ்ப் பாடங்கள் நடத்திவருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் இணைய வழியிலேயே ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் 2017 முதல் நூற்றுக்கணக்கான பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கற்க முடிகிறது; தேர்வெழுதிச் சான்றிதழ் பெறவே கட்டணம். இவை எவற்றுக்கும் மலையேறிக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. அஞ்சல் வழிக் கல்வியில் பட்டம் பெற்ற தலைமுறையினர் நம் கிராமங்களில் ஏராளம். தபால்காரர் கொண்டுவந்த பாடக் கட்டுகள் இன்று கைப்பேசியில் வருகின்றன, வேற்றுமை அவ்வளவே.

சிறுவர்கள் விஷயமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் 1 வரை, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் பள்ளிப் படியை மிதிக்கவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றிருந்த 'கல்வித் தொலைக்காட்சி' அவர்களுக்குக் கைகொடுத்தது. எந்த வகுப்புக்கு எந்த மணிக்குப் பாடம் என்ற அட்டவணை வீடு சேர்ந்திருந்தால் பிள்ளை அமர்ந்து கற்றது; சேராத வீட்டில் பெட்டி வேறெதையோ காட்டிக்கொண்டிருந்தது. பின்னர் அந்த இழப்பை ஈடுசெய்ய வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சரால் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் பணியாற்றிய தன்னார்வலர்கள் பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்களே. மாலையில் எங்கே கூடுவது, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவருவது என்பதையெல்லாம் பெற்றோருக்கு எழுதித் தெரிவிக்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அதற்கென்று அவர்களுக்கு எவரும் தனியே பயிற்சி அளித்ததாகக் கூறுவதற்கில்லை.

ஆக, பாடம் எங்கிருந்து புறப்பட்டாலும் அறிவிப்பின் கடைசி மைல் நம் ஊருக்குள்தான் இருக்கிறது. பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலும், இ-சேவை மையத்திலும், மகளிர் சுய உதவிக் குழுவின் வாட்ஸ்அப்பிலும், நூலகத்திலும் அதை மீண்டும் எழுதி ஒட்டுபவர் நம்மவரே. வந்த சுற்றறிக்கையை அப்படியே படமெடுத்து அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் பலர். அது தவறு.

ஆசிரியர் இல்லாத இடத்தில்

வகுப்பறையில் ஆசிரியர் "நாளைக்குக் கணக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள்" என்று அரைகுறையாகச் சொன்னாலும் கேடில்லை. ஒருவன் எழுந்து எந்த நோட்டு என்று கேட்பான். விளங்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கேட்கும். தனியே கற்பவருக்குப் பக்கத்துப் பிள்ளை இல்லை. அவர் கையிலிருப்பது ஒரு சிறு திரையும் அதில் வந்த நாலு வரியும் மட்டுமே. அந்த நாலு வரியில் ஐயம் எழுந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்துவிடுவார். நாளை, மறுநாள், பிறகு கெடு கடந்துவிடும். கெடு கடந்தபின் தமக்கே வெட்கமாகிப் பாடத்தைக் கைவிடுவார். அவரை எவரும் வெளியேற்றவில்லை. தாமே சத்தமின்றி நின்றுவிட்டார்.

இது கற்பனையன்று. அமெரிக்காவின் ஹார்வார்டு, எம்.ஐ.டி. ஆகிய இரு புகழ்பெற்ற கல்வி நிலையங்களின் இணைய வழிப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையொன்று, பதிவு செய்துகொண்டோரில் நூற்றுக்கு மூவர் அளவினரே பாடத்தை முடித்தனர் என்று காட்டியது. வேடிக்கை பார்க்கப் பதிந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியிருந்தும், இடையில் நிற்போர் தொகை சிறிதன்று. அறிவிப்பைச் செம்மையாக எழுதிவிட்டால் அனைவரும் தேறிவிடுவர் என்று நாம் கூறவில்லை. கைப்பேசி இல்லாமை, நேரமில்லாமை, வீட்டு வேலை எனக் காரணங்கள் வேறும் உண்டு. ஆனால் மற்றவற்றைத் தீர்க்கப் பணமும் காலமும் தேவை. அறிவிப்பைத் திருத்த ஒரு பென்சில் போதும்.

ஒரு மாதிரி அறிவிப்பு

கீழ்க்கண்ட வாசகம் நாம் புனைந்தது. ஆயினும் இத்தகையவற்றை வாசகர்கள் பன்முறை கண்டிருப்பர்:

"அனைத்துப் பயிற்சியாளர்களுக்கும் இதன்மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில், மேற்படி பயிற்சியின் இரண்டாம் கட்ட ஒப்படைப்புகளை உரிய காலத்திற்குள் பதிவேற்றம் செய்யத் தவறும் பட்சத்தில் அன்னாரது பதிவு எவ்வித முன்னறிவிப்புமின்றி ரத்து செய்யப்படும் என்பதோடு, 15ஆம் தேதி இரவு 12 மணிக்குப் பின் பெறப்படும் ஒப்படைப்புகள் எக்காரணம் கொண்டும் ஏற்கப்பட மாட்டா."

இதில் பொய்யொன்றும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. எனினும் இதைப் படிக்கும் ஒருவர், சுய உதவிக் குழு மூலம் காளான் வளர்ப்புப் பயிற்சியில் சேர்ந்த நாற்பது வயதுத் தாயார் என்று கொள்வோம், என்ன அறிவார்? ரத்து என்பதை அறிவார். ஏற்கப்பட மாட்டா என்பதை அறிவார். "மேற்படி பயிற்சி" எது? அவருடைய மகனும் வேறொரு பாடத்தில் சேர்ந்திருக்கிறான். இருவருக்கும் கைப்பேசி ஒன்றே. "ஒப்படைப்பு" என்பது என்ன பொருள்? எதை எழுதி எங்கே அனுப்புவது? யாரைக் கேட்பது? இவற்றுள் ஒன்றுக்கும் விடையில்லை. தண்டையால் தொடங்கித் தண்டனையால் முடிவது போல, மிரட்டலில் தொடங்கி மிரட்டலில் முடிகிறது.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுதியான குழப்பம் அங்கேதான். "15ஆம் தேதி இரவு 12 மணி" என்பது எந்த இரவு? கடிகாரக் கணக்குப்படி 15ஆம் தேதி பிறப்பதே 14ஆம் தேதி நள்ளிரவில்தான். அப்படியானால் கெடு 14ஆம் தேதி இரவோடு முடிகிறதா, 15ஆம் தேதி இரவோடு முடிகிறதா? படித்தவர்களே இதில் தடுமாறுவர். நம் கிராமங்களிலோ நாள் என்பது சூரியோதயத்தில் தொடங்குவது. சனிக்கிழமை நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குத் தண்ணீர் கட்டப் போகும் விவசாயிக்கு அது இன்னும் சனிக்கிழமை இரவே. கணினிக்கு ஞாயிறு பிறந்து ஒரு மணி ஆகிவிட்டது. ஆதலின் நள்ளிரவை எல்லையாக வைப்பதையே தவிர்ப்பது நலம். பாடம் நடத்தும் நிறுவனம் நள்ளிரவைத்தான் வைத்திருக்கிறது, மாற்ற நமக்கு அதிகாரமில்லை என்றால், ஊருக்குள் நாம் எழுதும் பலகையிலாவது "சனிக்கிழமை மாலை 5 மணிக்குள்" என்று எழுதலாம். இ-சேவை மையத்தின் கதவு மாலையில் அடைபடும். அங்கிருந்து தம் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தும் ஒரு நேரத்தில் புறப்பட்டுவிடும். செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் வசிப்பவருக்கு உண்மையான கெடு அதுவேயன்றிக் கணினியின் நள்ளிரவு அன்று.

நாளும் அவ்வாறே. செஞ்சி வாரச் சந்தை வெள்ளிக்கிழமை கூடுகிறது. ஆடு ஓட்டிச் செல்பவர் விடியற்காலையே புறப்பட்டுவிடுவார். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியும் அவருடன் போய்விடும். அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்திற்கு வெளியூர்களிலிருந்து திரள்திரளாக மக்கள் வருவதால் அன்று பேருந்துகளில் இடம் கிடைப்பதரிது. அறுவடை நாட்களில் நெல் மூட்டையுடன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் காத்திருப்பவர் பாடம் பார்க்க மாட்டார். சென்னையிலோ கோவையிலோ அமர்ந்து நாட்குறிப்பைப் பார்ப்பவருக்கு இவை தெரிய நியாயமில்லை. பஞ்சாயத்து அங்கத்தினருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கெடு வருமானால், புதன்கிழமையே முடித்துவிடுங்கள் என்று எழுத அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்பொழுது அதே அறிவிப்பை மாற்றி எழுதிப் பார்ப்போம்:

"காளான் வளர்ப்புப் பயிற்சி. இரண்டாம் பாடத்தின் விடைகளை மார்ச் 14, சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள்.

இரண்டாம் பாடத்தின் கடைசியில் ஐந்து கேள்விகள் உள்ளன. அவற்றின் விடைகளை நோட்டில் கையால் எழுதி, படமெடுத்து, இந்த எண்ணுக்கு அனுப்பினால் போதும். கைப்பேசி இல்லாதவர்கள் வியாழக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணிக்குள் நோட்டுடன் பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வாருங்கள். அங்கே படமெடுத்து அனுப்பித் தருவோம்.

முதற்பாட விடைகளை அனுப்பத் தவறியவர்களும் இதை அனுப்பலாம். இரண்டையும் சேர்த்தே அனுப்பலாம். 14ஆம் தேதிக்குள் முடியாதென்றால் அதற்கு முன்பே ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள்; மேலும் ஒரு வாரம் தரப்படும்.

ஐயமிருந்தால் தினமும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை அழையுங்கள்."

கீழே ஒருவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். அலுவலகத்தின் பெயரன்று, ஆளின் பெயர். 'ஒருங்கிணைப்பாளர்' என்று மட்டும் போட்டால் எவரும் அழைக்க மாட்டார்கள். பெயரைக் கண்டால், இன்னாருடைய மருமகள்தானே என்று துணிந்து அழைப்பார்கள்.

இரண்டு வாசகங்களையும் ஒப்பிட்டால், பின்னது நீளமானது. நீளம் குற்றமன்று. முதல் வரியிலேயே எந்தப் பயிற்சி, என்ன வேலை, எந்த நாள் என்ற மூன்றும் முடிந்துவிட்டன என்பதே கவனிக்கத்தக்கது. கைப்பேசியில் செய்தி வந்தவுடன் மேலே தெரிவது அந்த ஒரு வரிதான். திறந்து பார்க்காதவர்கூட அதை அறிந்துகொள்வார். "இதன்மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கும் அறிவிப்பில் அந்த மதிப்புள்ள இடத்தை "யாதெனில்" பிடித்துக்கொள்கிறது.

ஓர் அறிவிப்பில் ஒரு செய்தியே இருக்கட்டும். தேர்வுக் கட்டணம், அடுத்த வகுப்பு நேரம், பொங்கல் வாழ்த்து மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் வாழ்த்து மட்டும் நினைவில் நிற்கும். காகிதத்தைப் படமெடுத்து அனுப்புவதையும் கைவிட வேண்டும். எழுத்து பொடியாகும், கண்பார்வை குன்றியோருக்குப் படித்துக் காட்டும் கைப்பேசி வசதியும் பல வேளைகளில் அதைப் படிக்காது. எழுத்தறியாத பெற்றோருக்கு ஒரு நிமிடத்திற்குள் அடங்கும் குரல் செய்தி நல்ல துணை. அதை எழுத்து நடையில் வாசிக்காமல் ஊர்ப் பேச்சிலேயே சொல்லலாம்.

ஊக்கம் தரும் சொல்

அறிவிப்பு கனிவாக இருக்க வேண்டும் என்றால், "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளைய நாட்டின் தூண்கள்" என்று எழுதுவதே கனிவு எனச் சிலர் கொள்கின்றனர். நாற்பது வயதுத் தாயாரை மாணவச் செல்வம் என்பது அவருக்கே சிரிப்பாக இருக்கும். "கவலை வேண்டாம்" என்பதும் தனியே நின்றால் வெறுஞ்சொல். கவலை ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணத்தைச் சொல்வதே உண்மையான ஆறுதல்.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களில் பன்னிரண்டு வாரப் பாடமொன்றுக்கு வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. ஆனால் மதிப்பெண் கணக்கில் அவற்றுள் சிறந்த எட்டின் சராசரியையே சேர்த்துக்கொள்வது வழக்கம். அறுவடை காரணமாக இரண்டு வாரம் தவறவிட்ட இளைஞன் இதை அறியாவிட்டால், எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுவான். "இரண்டு வாரம் தவறினாலும் பாதகமில்லை, சிறந்த எட்டு வாரமே கணக்கு, இந்த வாரத்திலிருந்து தொடருங்கள்" என்று ஒரு வரி வந்தால் நிமிர்ந்து உட்காருவான். அந்த வரியில் புகழ்ச்சியுமில்லை, பரிவுரையுமில்லை. விதியை அவன் பக்கம் நின்று எடுத்துச் சொன்னது மட்டுமே உள்ளது. சலுகைகளை விதிப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்துத் தண்டனைகளைத் தலைப்பில் போடும் பழக்கம் நம் அலுவலகங்களுக்கு எங்கிருந்து வந்ததோ, நாமறியோம்.

கண்டிப்பைக் கைவிட வேண்டுமென்பதில்லை. அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மாணவர் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போல் கடுமையாகவே திருத்தினர். ஒரு சாராருக்கு மட்டும், உன்னிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், அதை நீ எட்டுவாய் என்று அறிவேன், அதனாலேயே இவற்றைச் சுட்டுகிறேன் என்ற பொருளில் ஒரு சிறு சீட்டு இணைக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளிடையே, அந்தச் சீட்டைப் பெற்றவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தோர் பன்மடங்கு மிகுந்தனர். திருத்தம் ஒன்றே, அதன் நோக்கத்தைச் சொன்னதே வேறுபாடு.

இன்னொன்று. விடை அனுப்பாதவர்களின் பெயர்களைக் குழுவில் பட்டியலிடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். நகரத்தில் அது ஒருவேளை சிறு சங்கடமாக முடியலாம். ஊரில் அப்படியன்று. குழுவில் காலையில் வந்த பெயர் மாலைக்குள் தேநீர்க் கடைக்கு வந்துவிடும். மருமகள் படிப்பதை அரை மனத்தோடு அனுமதித்த வீட்டில் அது போதும், படிப்பு நின்றுவிடும். தவறியவருக்குத் தனியே எழுதுங்கள். தொலைபேசியில் அழைத்து, என்ன தடை என்று கேளுங்கள். அவ்வாறே பெண்களின் எண்களை எல்லோரும் காணும் குழுவில் சேர்ப்பதற்கு முன் அவர்களுடைய சம்மதத்தைப் பெறுவது முறை.

வானொலி கற்பித்த பாடம்

தொலைவிலிருந்து கிராமத்தாருக்குக் கற்பிக்கும் முயற்சி இணையத்தோடு பிறந்ததன்று. கனடா நாட்டில் 1941இல் விவசாயிகளுக்கான வானொலி மன்றங்கள் தொடங்கின. ஊரார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, தம் கருத்தை எழுதியனுப்புவர். அதைப் பின்பற்றி 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் அகில இந்திய வானொலி பூனாப் பகுதியில் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்திற்று. வாரம் இருமுறையாக இருபது ஒலிபரப்புகள்; ஒவ்வோர் ஊரிலும் சுமார் இருபது பேர் கொண்ட மன்றம். மன்றங்கள் எழுதிய வினாக்கள் நிலையத்துக்குச் சென்றன. பின்வந்த நிகழ்ச்சிகளில் விடை கிடைத்தது. கேட்பதோடு நில்லாமல் திருப்பிக் கேட்கவும் வழி இருந்தமையால்தான் மக்கள் அடுத்த முறையும் வந்து அமர்ந்தனர்.

தஞ்சையில் இதைவிட வியப்பான ஒன்று நிகழ்ந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் 1960களில் பரவியபோது, அதைப் பற்றி வானொலி வாயிலாகவே கேட்டறிந்த விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டனர். அறிவிப்பே பயிருக்குப் பெயராக அமைந்தது! இந்தப் பெருமை எந்த விளம்பரப் பலகைக்கும் கிட்டியதில்லை.

அறிவிப்பை மக்கள் நம்புவது எப்படி ஏற்படுகிறது என்பதற்குச் செஞ்சிக்குத் தென்கிழக்கே, புதுச்சேரிக் கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவிற்று. வில்லியனூர் அவற்றின் நடு மையமாயிற்று. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தனர். கடலுக்குப் போகலாமா கூடாதா என்ற உபதேசத்தைவிட அலை இவ்வளவு, காற்று இத்திசை என்ற விவரமே அதில் முக்கியம், முடிவு மீனவருடையது. அத்தகைய மையம் நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் செய்தியைச் சொல்லி அனைவரையும் வெளியேற்றினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. சுமார் 3,600 மக்கள் உயிர் தப்பினர். அன்று அந்த ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு மக்கள் ஏன் ஓடினார்கள்? சாதாரண நாட்களில் அது பொய் சொன்னதில்லை என்பதால்தான் என்று நாம் கருதுகிறோம்.

பாட அறிவிப்பு உயிர்காக்கும் அறிவிப்பு அன்று. எனினும் விதி அதுவே. "இதுவே கடைசி வாய்ப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த வாரம் கெடுவை நீட்டினால், மூன்றாம் முறை உண்மையான கடைசி வாய்ப்பு வரும்போது எவரும் அசைய மாட்டார். தவறாக அறிவித்துவிட்டால் பழைய செய்தியைச் சத்தமின்றி அழித்துவிடுவதும் கூடாது. முன்னதைப் படித்தவர் அதையே நம்பியிருப்பார். "திருத்தம்" என்று தலைப்பிட்டு, முன்பு சனிக்கிழமை என்றிருந்தது, இப்பொழுது திங்கட்கிழமை, மற்றவை மாறவில்லை என்று மூன்றையும் எழுத வேண்டும். "மற்றவை மாறவில்லை" என்பதை விட்டுவிட்டால் இடமும் மாறியதோ என்று பத்துப் பேர் கேட்பார்கள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

இதற்குப் பெரும் செலவில்லை. முதலாவதாக, ஊரில் யார் யார் எந்தத் தொலைவழிப் பாடத்தில் சேர்ந்துள்ளனர் என்பதற்கு ஒரு பதிவேடு. நூறு பக்க நோட்டு ஒன்று போதும். கிராம சபைக் கூட்டங்களில் கேட்டால் பாதிப் பெயர்கள் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறதாதலால் அவ்வப்போது திருத்திக்கொள்ளலாம். மீதியை இ-சேவை மையத்தாரும் தலைமையாசிரியரும் சொல்வர்.

அடுத்து, அறிவிப்புகளை வாங்கி ஊர் நடையில் மாற்றி எழுத ஒருவர். இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஊரின் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இவ்வேலைக்கு அவர்களைவிடத் தகுதியானவரைத் தேட வேண்டியதில்லை. சிறு ஊதியம் தர முடிந்தால் தருவதே நியாயம், இலவசமாகவே வாங்கிப் பழகிவிடலாகாது. எழுதியதை அனுப்புமுன் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பாடத்தைப் பற்றி ஏதுமறியாதவராக இருப்பது நல்லது. படித்து முடித்தபின், "நீங்கள் என்ன செய்ய வேண்டும், எப்போது?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வாசகத்தைத் திருத்துங்கள். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், ஏனெனில் மற்றவர்களுக்கு விளக்க நீங்கள் உடனிருக்க மாட்டீர்கள்.

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பும், முதல் நாளும், அன்று காலையும் என மூன்று முறை அறிவிப்பது தக்கது. மூன்றும் ஒரே சொற்களில் இருக்கட்டும். பலகையில் எழுதினால், பால் கூட்டுறவுச் சங்கம், நியாய விலைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை பஞ்சாயத்து அலுவலகச் சுவரைவிட நல்ல இடங்கள். அலுவலகச் சுவரை வழக்கில்லாதவர் நின்று படிப்பதில்லை. கெடு முடிந்தவுடன் பலகையை அழிப்பவரும் யாரென்று குறித்துவிட வேண்டும். சென்ற ஆண்டு அறிவிப்பு தொங்கும் பலகையை மக்கள் கண்ணெடுத்துப் பார்ப்பதேயில்லை.

விவசாயிகளுக்கும் ஒரு சொல். கைப்பேசி உங்கள் சட்டைப் பையில் இருந்தாலும் அதில் வரும் பாடச் செய்தி பிள்ளைக்கோ மனைவிக்கோ உரியது. வயலில் இருக்கும்போது வந்தால் அழித்துவிடாமல், மாலையில் அவர்கள் கையில் கொடுங்கள். விளங்காத அறிவிப்பு வந்தால் அனுப்பியவரை அழைத்து, "ஐயா, என்ன நாள், எந்த இடம்?" என்று தயங்காமல் கேளுங்கள். பத்து விவசாயிகள் கேட்டால் பதினோராவது அறிவிப்பு தானே தெளிவாக வரும்.

பதிவேட்டில் பெயர், பாடம், நிறுவனம், கெடு ஆகிய கட்டங்களுடன் இன்னும் ஒரு கட்டம் விட்டுவைப்பது அவசியம். செய்தி கிடைத்ததா என்று கேட்டபின் கற்பவர் சொன்ன பதிலை அதில் எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அன்று மாலை ஒருவர் அந்த வீட்டுப் பக்கம் போய்வர வேண்டும்.